அரசு உதவி வழக்கு நடத்துநர்களின் தற்சார்பு குறித்து உள்துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உள்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் அரசுத் தரப்புக்காக வாதாடும் அரசு உதவி வழக்கு நடத்துநராகப் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்தபோது இப்படியொரு மடலை எழுத நடத்தை விதிகள் இடம் தந்திரா. உண்மையைச் சொன்னால், துணிவும் வந்திராது.

ஓர் அடிதடி வழக்கில் குற்றப்பத்திரிகை ஐந்து எதிரிகளை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களைக் காட்டியது. அடிபட்டவரை முதலில் பார்த்த மருத்துவரோ, தெரிந்த இரண்டு நபர்கள் கட்டையால் தாக்கியதாக அடிபட்டவரே சொன்னார் என்று விபத்துப் பதிவேட்டில் எழுதியிருந்தார். அந்தப் பதிவின் நகலைச் சான்றாவணமாக முன்வைத்துக் குறியீடு செய்யாமல் விட்டுவிடலாமே என்று, சாட்சி விசாரணை தொடங்குமுன் காவல் ஆய்வாளர் நீதிமன்றத் தாழ்வாரத்தில் கேட்டார். அதட்டவில்லை, தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, "நமக்குள்ள என்ன சார்" என்றார். மருத்துவரை விசாரித்தபோது நானே அதைக் குறியீடு செய்தேன். இருவருக்குத் தண்டனை கிடைத்தது, மூவர் விடுதலையானார்கள். அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் அந்த மூவரின் விடுதலைக்கும் என்னிடம்தான் விளக்கம் கேட்டார்கள்.

ஆய்வாளரை நான் குறை சொல்லவில்லை. ஒரே துறையின் சம்பளப் பட்டியலில் இருப்பவரை 'நம்மவர்' என்று கருதுவது இயல்புதான். ஆனால் குற்றமற்றவர் எனக் காட்டக்கூடிய சான்றை அரசுத் தரப்பு வழக்கறிஞர் மறைக்கக் கூடாது என்பது இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதி. எப்படியாவது தண்டனை வாங்கித் தருவது அரசு வழக்கறிஞரின் வேலையன்று என உச்ச நீதிமன்றம் 1999-இல் சிவ் குமார் வழக்கில் தெளிவாகச் சொன்னது. அரசுச் சம்பளம் பெறுவதாலேயே அவர் வழக்கறிஞர் அல்லாதவர் ஆகிவிடுவதில்லை என்பதும் 2013-இல் தீபக் அகர்வால் வழக்கில் தீர்ந்துபோன விஷயம்.

வழக்கு நடத்துநர்களைக் காவல்துறையின் பிடியிலிருந்து விலக்கித் தனித் துறையாக்கும்படி 1995-லேயே ஷஹானே வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு வந்தது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதற்கென வழக்கு நடத்துகை இயக்ககத்தைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்தாலும், அதை உள்துறையின் நிர்வாகக் கட்டுப்பாட்டில்தான் வைத்தது. அச்சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 20-ஆம் பிரிவும் அந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. காவல்துறையும் உங்கள் துறைதான், நாங்களும் உங்கள் துறைதான். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யுமுன் அரசு வழக்கறிஞரின் கருத்தைப் பெறும்படி விசாரணை அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று, நம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவொன்றை ரத்து செய்து, 2000-இல் ஆர். சரளா வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது. புலனாய்வுக்கு அப்படியொரு வேலி கிடைத்தது நல்லதே. வழக்கு நடத்துநரின் பக்கத்து வேலியோ தாழ்வாரத்துத் தேநீருக்கே சாய்ந்துவிடுகிறது.

சட்டத்தைத் திருத்துவது உங்கள் கையில் இல்லை என்பதை அறிவேன். ஓர் அரசாணையில் முடியக்கூடியதை மட்டுமே கேட்கிறேன். வழக்கை நடத்தும் முறை பற்றிய எந்த அறிவுறுத்தலும் எழுத்தில், தருபவரின் கையொப்பத்தோடு, வழக்குக் கட்டிலேயே இருக்க வேண்டும். எழுதச் சொன்னாலே பாதி அறிவுறுத்தல்கள் வராமல் நின்றுவிடும். விடுதலையான வழக்குகளில் மேல்முறையீடு தேவையில்லை என்று ஒருவர் காரணத்தோடு கருத்து எழுதினால், அதை அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் குறையாகக் கணக்கிடக் கூடாது. நான் மாதந்தோறும் நிரப்பிய படிவத்தில் தண்டனைக்கு ஒரு கட்டமும் விடுதலைக்கு ஒரு கட்டமும் இருந்தன. எதிரிக்குச் சாதகமான ஆவணத்தை அரசுத் தரப்பே முன்வைத்த வழக்குகள் எத்தனை என்று கேட்கும் மூன்றாவது கட்டம் ஒன்றை அதில் சேர்த்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு உதவி வழக்கு நடத்துநர் ஒருவர்