குடியிருப்போர் நலச்சங்கம்: 2023-24 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவருக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தெருவிளக்குகள் பெரும்பாலும் எரிகின்றன. மழைநீர் வடிகாலுக்கு மனு கொடுத்தோம், பதில் வரவில்லை, மறுபடி கொடுத்திருக்கிறோம். நூலக அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. குப்பை வண்டி வரும் நேரம் பற்றி வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையை இங்கே யாரும் மறுபடி ஆரம்பிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆண்டு சங்கத்தை ஒரு உலுக்கு உலுக்கியது 2024 ஜனவரி 9-ம் தேதி தொடங்கிய அரசுப் பேருந்து வேலைநிறுத்தம்தான். கணக்குப் பார்த்தால் நடந்தது இரண்டே நாள். 10-ம் தேதி உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்ததும், 19-ம் தேதி வரை தள்ளிவைக்கிறோம் என்று தொழிற்சங்கங்கள் சொல்லிவிட்டன, 15-ம் தேதி பொங்கலுக்கு எல்லாரும் ஊர் போய்ச் சேர்ந்தும் விட்டோம். ஆனால் பதற்றம் அதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிட்டது. அரசு விரைவுப் பேருந்தில் முன்பதிவு செய்திருந்தவர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று ஆம்னி பஸ்ஸிலும் ஒரு டிக்கெட் எடுத்து, கடைசியில் ஏதோ ஒன்றை ரத்து செய்து பிடித்தம் போக மிச்சத்தை வாங்கினார்கள். பயத்துக்குக் காரணம் 2018. அந்த வருடம் ஜனவரி 4 மாலை திடீரென்று பேருந்துகள் நின்று, பாதி வழியில் இறங்கி நடந்தவர்கள் நம் தெருவிலேயே உண்டு. பழைய அடிப்படை ஊதியத்தை 2.57-ஆல் பெருக்கிப் புது ஊதியம் வேண்டும் என்று தொழிற்சங்கங்களும் 2.44தான் தர முடியும் என்று அரசும் பிடிவாதமாக நிற்க, 11-ம் தேதி வரை இழுத்தது. அது முடிந்த கையோடு 20-ம் தேதி பேருந்துக் கட்டணத்தையும் ஏற்றினார்கள். அதை யார் மறப்பார்கள்?

இந்த முறை அவ்வளவு மோசமில்லை. அப்போதைய ஆளுங்கட்சியான திமுக சார்பான தொழிற்சங்கம் தொமுச கலந்துகொள்ளாததால் பேருந்துகள் அடியோடு நிற்கவில்லை. ஆனால் எது வரும், எது வராது என்று யாருக்கும் தெரியாது, அதுதான் பெரிய அவஸ்தை. நம் நிறுத்தத்துக்கு வந்த ஒரு பேருந்தை ஓட்டியவர் இந்தத் தடத்துக்குப் புதியவர். முன்சீட்டில் இருந்த கல்லூரி மாணவி ஒருவர் "அண்ணா, அடுத்த லெஃப்ட்" என்று வழி சொல்லிக்கொண்டே போனாராம். நமக்கெல்லாம் இரண்டு சக்கர வண்டியாவது இருக்கிறது. நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்கள் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் இலவசமாக வந்துகொண்டிருந்தவர்கள், அந்த இரண்டு நாளும் ஷேர் ஆட்டோவுக்குக் கைக்காசு போட்டார்கள். அதைத் திருப்பிக் கொடுத்தது யார் என்று இங்கே கேட்கவில்லை, கொடுக்காதவர்களுக்கே தெரியும்.

டயாலிசிஸுக்குப் பேருந்தில் போய்வரும் நம் உறுப்பினரை இரண்டாவது தெரு இளைஞர்கள் காரில் அழைத்துப் போய்வந்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அவர்களாகவே செய்தார்கள். சங்கத்தின் சார்பில் நன்றி.

அப்புறம் அந்தச் செயற்குழுக் கூட்டம். வேலைநிறுத்தத்தைக் கண்டித்துத் தீர்மானம் போட வேண்டும் என்று பாதிப்பேர். 2003-ல் வேலைநிறுத்தம் செய்த லட்சக்கணக்கான அரசு ஊழியர்களைத் தமிழக அரசு ஒரே உத்தரவில் வேலையை விட்டு நீக்கியதையும், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் ஒருவர் எடுத்துப்போட்டார். அது அரசு ஊழியர் வழக்கு, போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்கள் தொழில் தகராறு சட்டத்தின் கீழ் வருகிறவர்கள், முறையாக நோட்டீஸ் கொடுத்தால் அவர்கள் வேலைநிறுத்தம் செய்யலாம் என்று இன்னொருவர். ஒரு மணி நேரம் இப்படியே போனது.

அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த நம் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற நடத்துநர் ஐயா, பென்ஷன் பாஸ்புக்கை எடுத்து மேசையில் வைத்தார். போக்குவரத்து ஓய்வூதியர்களுக்கு 2015 நவம்பரிலிருந்து அதுவரை அகவிலைப்படி உயர்வு கொடுக்கப்படவில்லை. விலைவாசி மட்டும் வருடா வருடம் ஏறுகிறது. புரட்டிப் பார்த்தோம்; வரும் தொகை அப்படியே நின்றிருந்தது. "பண்டிகைக்கு முன்னாடி பண்ணாம வேற எப்பவாவது பண்ணா, யாருப்பா திரும்பிப் பார்ப்பீங்க?" என்று கேட்டார். கண்டனத் தீர்மானத்தை எழுதிக்கொண்டு வந்தவர் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. ஆனாலும் என் கருத்தைப் பதிவு செய்கிறேன். வேலைநிறுத்தத்தின் அடி அரசு மேல் விழுவதற்கு முன்னால் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நின்ற அந்தப் பெண்கள் மேல்தான் விழுந்தது. இதில் தொழிற்சங்கத்தை மட்டும் குறை சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பொதுப் பயன்பாட்டுச் சேவையில் நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியாமல் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்று சட்டம் வைத்திருப்பதே அதற்குள் உட்கார்ந்து பேசி முடிப்பதற்குத்தான். டிசம்பரிலேயே நோட்டீஸ் போய்விட்டது. 15-வது ஊதிய ஒப்பந்தம், காலிப்பணியிடம், பணியில் இறந்தவர்களின் வாரிசுக்கு வேலை, பழைய பென்ஷன் திட்டம், கழகங்களின் வரவுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளியை அரசே ஈடுகட்டுவது, அகவிலைப்படி என்று கோரிக்கை ஆறு. ஒன்றுகூடப் புதிதில்லை. அப்படியிருந்தும் வேலைநிறுத்தத்துக்கு முந்தைய நாள் வரை பேச்சு இழுத்து, தோற்று, கடைசியில் நீதிமன்றம்தான் இரு தரப்பையும் கேட்க வேண்டியிருந்தது: பண்டிகை நேரத்தில் மக்களை ஏன் சிரமப்படுத்துகிறீர்கள், ஓய்வூதியர்களுக்கு ஜனவரி ஒரு மாத அகவிலைப்படியையாவது தரக் கூடாதா என்று. இதை டிசம்பர் கடைசியில் யாராவது கேட்டிருந்தால் நாம் இரண்டு டிக்கெட் எடுத்திருக்க மாட்டோம்.

ஆகவே கண்டனமும் இல்லை, ஆதரவும் இல்லை. இரு தரப்புக்கும் ஒரே கடிதம் அனுப்பினோம். நோட்டீஸ் கொடுத்த வாரமே பேச உட்காருங்கள், பேருந்து நிற்கும் நிலை வந்தால் எந்தெந்தத் தடம் ஓடும் என்று முந்தைய மாலையே டிப்போ வாசலில் எழுதிப் போடுங்கள் என்று இரண்டே கோரிக்கை. பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வந்திருக்கிறது, பதில் வரவில்லை. "இது வழவழா கொழகொழா கடிதம்" என்று சில உறுப்பினர்களுக்கு வருத்தம். இருக்கட்டும். சங்கத்தில் ஓய்வூதியரும் இருக்கிறார், பேருந்தை நம்பி வேலைக்குப் போகிறவரும் இருக்கிறார், இருவரும் சந்தா கட்டுகிறார்கள்.

இனிமேல் இப்படி வந்தால் சமாளிக்க ஒரு ஏற்பாடு. கார் வைத்திருப்பவர்களில் யார் எந்த நேரத்துக்கு எந்தப் பக்கம் போகிறார்கள் என்ற பட்டியலைத் தெருவாரியாகத் தயாரிக்கிறோம்; மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்களுக்கே முதலிடம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் இணைச் செயலாளரிடம் கொடுங்கள். வண்டியில் இடம் இருந்தும் பட்டியலில் இல்லாதவர்களை நான் வீடு தேடி வந்து கேட்பேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் அவர் வாசித்து முடிக்கும் வரை எழுந்து போகாமல் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
செயலாளர்