பெட்டியில் அச்சிடட்டும்

ஐயா, கைப்பேசி வைரஸ் பற்றிய கட்டுரை படித்தேன். ஆன்டிவைரஸ் செயலி போட்டால் போதும் என்ற தொனி எனக்குச் சரியாகப் படவில்லை. 2004இல் சிம்பியன் என்ற பழைய இயங்குதளம் கொண்ட போன்களில் புளூடூத் வழியே பரவிய ‘கபீர்’ வைரஸ்கூட, உரிமையாளர் சம்மதம் கொடுத்த பிறகுதான் உள்ளே வந்தது. இன்றும் பெரும்பாலும் அதே கதைதான்: குறுஞ்செய்தி இணைப்பில் ஒரு ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு), அப்புறம் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ வைத்திருக்கும் ‘அணுகல்தன்மை’ அனுமதி. அதைக் கொடுத்துவிட்டால் திரையில் தெரிவதையெல்லாம் அந்தச் செயலி படிக்கும், நமக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தும்.

எனக்கு உறுத்துவது வேறு. என் போன் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட் நின்று இரண்டு ஆண்டாகிறது. எத்தனை ஆண்டுக்கு அப்டேட் உண்டு என்பதைப் பெட்டியிலேயே அச்சிட்டால் என்ன? மெகாபிக்சலை மட்டும் கொட்டை எழுத்தில் போடுகிறார்களே!

– ஒரு வாசகர்