நர்சரி பள்ளித் தாளாளர்களுக்கு: நூறு வரை எழுதியது போதும்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கு,

வணக்கம். யூகேஜி படிக்கும் என் பேத்திக்குப் போன வாரம் வந்த வீட்டுப்பாடம்: 1 முதல் 100 வரை ஐந்து முறை எழுத வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மேலிருந்து கீழே 2, 2, 2 என்று போட்டுக்கொண்டே போனாள். அப்புறம் அவற்றின் பக்கத்தில் 1, 2, 3 என்று இறங்கினாள். இருபதுகள் முடிந்தன. கை வலிக்காமல் முடிக்க அவளாகவே கண்டுபிடித்த வழி. ஓரிடத்தில் மட்டும் 2 ஒன்று கூடிப்போய், 30 இருக்க வேண்டிய இடத்தில் 210 வந்துவிட்டது. மறுநாள் மிஸ் அதைச் சுழித்து, திரும்ப எழுதச் சொல்லி அனுப்பிவிட்டார்.

என்னைக் கேட்டால், அந்த நோட்டில் கணக்கு என்று இருந்தது அந்தத் தந்திரம் ஒன்றுதான். அதே பிள்ளையிடம் 39க்கு அடுத்தது என்ன என்று கேட்டபோது, ஒன், டூ என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மிஸ்ஸைக் குறை சொல்ல மாட்டேன். நானும் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள்தான். நோட்டு நிரம்பியிருக்கிறதா என்றுதான் பெற்றோர் பார்க்கிறார்கள். நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று, சிபிஎஸ்இ பள்ளிகள் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது. யூகேஜி அதற்கும் கீழே.

உங்களில் பலருடைய பெயர்ப்பலகையில் மாண்டிசோரி என்று இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தியவர். அவருடைய முறையில் ஒன்று என்பது ஒரு பாசிமணி. பத்து என்பது கம்பியில் கோத்த பத்து மணிகள். நூறு ஒரு சதுரம், ஆயிரம் ஒரு கனசதுரம். பிள்ளை கையில் தூக்கிப் பார்த்தாலே ஆயிரத்தின் கனம் தெரியும். பலகையில் பெயர் இருக்கிறது, வகுப்பில் மணி எங்கே?

மணி வாங்கக் காசில்லை என்றால் பல்லாங்குழி போதும். எங்கள் ஊர் முறையில் 14 குழி, குழிக்கு 5 முத்து, மொத்தம் 70. ஒரு குழியை அள்ளி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ளலாம். அடுத்தது வெறுங்குழி என்றால், அதைத் துடைத்துவிட்டு அதற்கு அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். ஆக, எங்கே தொடங்கினால் வெறுங்குழிக்கு முன்னால் கை காலியாகும் என்று பிள்ளை பின்னாலிருந்து முன்னால் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு', எடுத்துக்கொள்ளலாம். அதை யாரும் எண்ணுவதில்லை. பார்த்ததுமே கை போய்விடும்.

அன்று மாலை 12 புளியங்கொட்டையைக் கொடுத்து, வரிசைக்குச் சமமாக அடுக்கச் சொன்னேன். இரண்டு வரிசையில் ஆறாறு, மூன்று வரிசையில் நான்கு நான்கு என்று அடுக்கினாள். ஒன்றை எடுத்துவிட்டேன். அரை மணி நேரம் போராடினாள், எப்படி வைத்தாலும் துண்டு விழுந்தது. "ஆச்சி, 11 மட்டும் ஒத்துக்கவே மாட்டேங்குது" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை (அதுதான் கஷ்டம், ஆசிரியர் வாய் சும்மா இருக்காது). கொஞ்ச நேரம் கழித்து, 13ம் இப்படித்தானா என்று அவளே கேட்டு, இன்னும் இரண்டு கொட்டை எடுக்க அடுக்களைக்குப் போனாள்.

இன்னொன்று. வகுப்பில் தமிழில் எண்ணினால் திட்டாதீர்கள். 'டுவெல்வ்' என்ற சொல்லுக்குள் பத்து இருப்பது பிள்ளைக்குத் தெரியாது. 'பன்னிரண்டு' என்பதில் 'இரண்டு' என்பதாவது காதில் விழும். 'பதின்மூன்று' என்றால் பத்தும் மூன்றும் கேட்கிறது. 'தர்ட்டீன்' என்று கேட்டு 30 எழுதும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அதனால் வாரத்தில் இரண்டு நாள், ஒரு பீரியட், நோட்டை மூடி வையுங்கள். ஏழு இட்லியை மூன்று பேருக்கு எப்படிப் பங்கு வைப்பது என்று கேளுங்கள். விடையைவிட, எப்படிச் செய்தாய் என்று கேட்பதற்கு மிஸ்ஸுக்கு நேரம் கொடுங்கள். நோட்டு ஏன் நிரம்பவில்லை என்று பெற்றோர் வந்து கேட்டால், பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்; அவரை முன்னால் தள்ளாதீர்கள்.

எங்கள் வீட்டுப் பரணில் பல்லாங்குழிப் பலகை இரண்டு சும்மா கிடக்கின்றன. பேத்தியின் பள்ளியிலிருந்து ஆளனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு யூகேஜி பிள்ளையின் ஆச்சி