நேற்று எப்படி இருந்தார் என்று கேள்

அன்பு மகள் கயலுக்கு,

அடுத்த மாதத்திலிருந்து முதியோர் வார்டில் ட்யூட்டி என்று எழுதியிருந்தாய். அங்கே படுத்திருப்பவரிடம் சுகர், பிரஷர், இருதயம், மூட்டு என்று நாலு நோய் ஏற்கெனவே குடித்தனம் நடத்தும். ஐந்தாவதாக ஒன்று வந்து சேரும்போது அது முகத்தைக் காட்டாது. நிமோனியா இருமலே இல்லாமல், "சாப்பாடு வேண்டாம்" என்ற ஒரு வார்த்தையாக வரும். மாரடைப்பு நெஞ்சு வலியில்லாமல் வியர்வையும் மூச்சிரைப்புமாக வரும், அதிலும் சர்க்கரைக்காரர்களுக்கு. காய்ச்சல் 100ஐத் தொட வேண்டுமென்பதில்லை. வழக்கமாக 97 இருக்கிறவருக்கு 99 ஏறினால் அதைக் காய்ச்சலாகவே எடுத்துக்கொள்.

ஆகவே கூட இருப்பவரிடம் முதலில் நேற்றைப் பற்றிக் கேள். தானாக எழுந்து பாத்ரூம் போனாரா, பேரன் பேரைச் சொன்னாரா, எத்தனை இட்லி சாப்பிட்டார்? பதிலை கேஸ் ஷீட்டில் எழுதிவை. அது இல்லாவிட்டால் இன்றைய நிலையை எதோடு ஒப்பிடுவாய்?

நேற்று தெளிவாகப் பேசியவர் இன்று பிதற்றினால், பெற்ற மகனே "வயசாயிடுச்சு சிஸ்டர்" என்றாலும் ஒத்துக்கொள்ளாதே. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வரும். திடீரென்று வரும் குழப்பம் டெலிரியம். உடம்பில் வேறெங்கோ கோளாறு என்பதற்கு அடையாளம். கத்துகிறவரை வார்டே திரும்பிப் பார்க்கும். சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டே இருப்பவர்தான் கண்ணில் படாமல் போவார். இதைக் கண்டுபிடிக்க அமெரிக்க டாக்டர் ஷரோன் இனோயியும் உடன் இருந்தவர்களும் 1990ல் வகுத்த முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. திடீரென்று வந்து கூடிக்குறைவதும் கவனம் நிலைக்காததும் கட்டாயம் இருக்க வேண்டும். கூடவே பேச்சு தடம்புரள்வது அல்லது விழிப்புநிலை மாறுவது. கவனத்தைச் சோதிக்க, கிழமைகளைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்.

உடனே சுகர், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு), பிரஷர், நாடி, டெம்பரேச்சர் பார். அடுத்து அடிவயிற்றில் கை வை. சிறுநீர் அடைத்துப் பானை மாதிரி உப்பியிருக்கலாம். சிறுநீர் போகக் கதீட்டர் போட்டிருந்தால் அந்த ட்யூப் இடுப்புக்கடியில் மடங்கியிருக்கலாம். மலம் போய் எத்தனை நாள்? தூங்கட்டுமென்று ஏவில் மாதிரி அலர்ஜி மாத்திரை ஏதாவது கொடுத்தார்களா? ரத்தத்தில் சோடியம் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் நீயாகவே கேள். கையைக் கட்டிப்போட்டால் மிரட்சிதான் அதிகமாகும். மூக்குக்கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிடு, பகலில் ஜன்னலைத் திற, ராத்திரி விளக்கைக் குறை.

சுகர் 70க்குக் கீழே இருந்து, நினைவோடு விழுங்க முடிந்தால், மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடு, 15 நிமிடத்தில் மறுபடி பார். நினைவு தப்பியவர் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதே; டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸ் மருந்து நரம்பு வழியாகத்தான் போக வேண்டும். கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறவருக்கு, அதுவும் சிறுநீரகம் தளர்ந்திருந்தால், ஏறிய சுகர் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும். ஒரு நாள் முழுக்கக் கண்ணை எடுக்காதே.

சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு சாச்சுரேஷன் 88லிருந்து 92 வரை இருந்தால் போதும். 98 ஆகட்டுமென்று ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறி மயக்கத்தில் ஆழ்ந்துவிடுவார்.

படுக்கைப் புண்ணைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். சிவப்பைத் தேடு என்று புத்தகத்தில் இருக்கும். நம் நிறத்தில் சிவப்பு லேசில் தெரியாது. புறங்கையால் தொட்டுப் பார். வால் எலும்பு, இடுப்பின் பக்கம், குதிகால், இவை சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் உள்ளே ஆரம்பித்துவிட்டது. அங்கே தேய்க்காதே, நைந்த திசு இன்னும் நையும். இரண்டு மணிக்கொருமுறை திருப்பு. முழுக்க ஒருக்களித்தால் இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடு. காற்றடித்த ரிங்கை யாராவது வாங்கி வந்தால் வேண்டாமென்று சொல், அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தை நெரிக்கும். வாட்டர் பெட் இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். தூக்கும்போது இழுக்காதே, விரிப்போடு சேர்த்து இரண்டு பேராகத் தூக்குங்கள்.

சாப்பாடு ஊட்டும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாய் சற்றுக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள். அரைத் தூக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டாதே. பக்கவாதம் வந்தவருக்குக் கஞ்சியைவிடத் தண்ணீர்தான் ஆபத்து, சட்டென்று மூச்சுக்குழலுக்குள் ஓடிவிடும். டீஸ்பூனில் எடு, ஒரு வாய் உள்ளே போய்த் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய். நடுவில் "ஆ" சொல்லச் சொல். குரல் ஈரமாக, கொரகொரவென்று வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடு. முடிந்ததும் வாயைக் கொப்பளிக்கவை, கன்னத்துக்குள் பருக்கை ஒதுங்கியிருக்கிறதா என்று விரல்விட்டுப் பார். அரை மணி நேரம் படுக்கவைக்காதே. தட்டெடுக்க வருகிறவர் அவசரப்படுத்தினால் இன்னும் பத்து நிமிடம் கேட்டு வாங்கு.

அன்புடன்,
அம்மா