முன் ஆக்சிலில் 4.10, பின் ஆக்சிலில் 3.73: சான்றளித்து விற்ற வண்டி குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஆய்வறிக்கையில் ஆக்சில் கியர் விகிதம் தவறாகச் சான்றளிக்கப்பட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

உங்களிடம் நான் வாங்கிய பழைய நான்கு சக்கர இயக்க வண்டியின் ஆய்வறிக்கை, ஆக்சில் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, அதை இயக்கும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) முன்னும் பின்னும் 4.10 என்றும் அது சரிபார்க்கப்பட்டது என்றும் சொல்கிறது. கீழே உங்கள் ஆய்வாளரின் கையொப்பம் இருக்கிறது. ஆனால் பின் ஆக்சிலில் இருப்பது 3.73. கரடுமுரடான தடங்களில் ஓட்டுவதற்கென்றே வாங்கிய வண்டியை இப்போது நான்கு சக்கர இயக்கத்தில் போடவே முடியாத நிலையில் நிற்கிறேன்.

இளகிய மண்ணில்கூட வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் திணறியது. இன்ஜின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லீவர் இறுகிக்கொண்டு, இரு சக்கர இயக்கத்துக்குத் திரும்ப மறுத்தது. இதைச் சொன்னபோது, பெரிய டயர்தான் காரணம் என்று உங்கள் சேவை மையம் பதில் அனுப்பியது. அந்தப் பதிலை ஏற்க முடியாது. நான்கு டயர்களும் ஒரே அளவு. டயர் பெரிதானால் வேகமானி குறைத்துக் காட்டும், இழுவை குறையும். முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவதற்கு அது காரணமாகாது.

ஆகவே நானே அளந்தேன். டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்றது தரையில் அசையாமல் இருக்க, தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்தருவது டிஃபரென்ஷியல்; அவற்றை ஒன்றாகப் பூட்டும் லாக்கர் இல்லாத சாதாரண டிஃபரென்ஷியலில், அப்போது புரொப்பெல்லர் ஷாஃப்ட் (டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டு) எத்தனை சுற்றுகிறதோ அதுவே விகிதம். நான்கு சுற்றைத் தாண்டியிருக்க வேண்டிய ஷாஃப்ட், மூன்றே முக்காலை எட்டாமல் நின்றது. முன்பக்கம், சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் ஹப்பைப் பூட்டி இதையே செய்தபோது நான்கு சுற்றுக்குச் சற்று மேலே போனது.

சாக்பீஸ் கோடு போட்டு அளந்ததை நீங்கள் ஏற்காமல் போகலாம் என்பதால், ஒரு மெக்கானிக்கை வைத்துப் பின் டிஃபரென்ஷியல் மூடியையும் கழற்றினேன். உள்ளிருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் 41 பற்கள், அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனில் 11. 41-ஐ 11-ஆல் வகுத்தால் வருவது 3.73. வீலின் விளிம்பிலும் அந்த எண்களே பொறிக்கப்பட்டுள்ளன. 4.10 என்றால் பினியனில் 10 பற்கள்தான் இருக்க வேண்டும். இந்த வண்டியில் நான்கு சக்கர இயக்கம் போட்டால் இரு ஷாஃப்டுகளும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. முன் சக்கரம் பத்துச் சுற்று சுற்றும் நேரத்தில் பின் சக்கரம் பதினொன்று சுற்றியாக வேண்டும். 4.09, 4.10 என்ற அளவு நுண்ணிய வேறுபாட்டை டயரின் வழுக்கல் ஈடுசெய்துவிடும். பத்து விழுக்காட்டை எந்தத் தரையும் ஈடுசெய்யாது. அந்த இறுக்கம் முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் சங்கிலியிலும் ஷாஃப்டுகளின் மூட்டுகளான யுனிவர்சல் ஜாயின்டுகளிலும்தான் இறங்கும். வடித்த டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெயில் உலோகத் துகள்கள் மின்னியதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

உங்கள் ஆய்வாளர் கதவோரத் தகட்டில் இருந்த குறியீட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்பது உங்கள் பதிலிலிருந்தே தெரிகிறது. அந்தத் தகடு வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் நிலையை மட்டுமே சொல்லும். பல கை மாறிய வண்டியில் ஆக்சிலையே மாற்றியிருப்பார்கள். தகட்டை யாரும் மாற்றுவதில்லை. ஜாக்கியும் சிறிது நேரமும் இருந்தால் போதும், இது பிடிபட்டிருக்கும். "சரிபார்க்கப்பட்டது" என்று எழுத அந்தச் சிறு வேலையைக்கூடச் செய்யாதது என்னைப் பொறுத்தவரை மன்னிக்க முடியாத அலட்சியம். செங்குத்தான சரிவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பின் ஆக்சிலில் 4.10 கிரவுன் வீலும் பினியனும் உங்கள் செலவில் பொருத்தப்பட்டு, பற்களின் இடைவெளி முறையாகச் சரிசெய்யப்பட வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்துப் பார்த்து, தேய்ந்த பாகங்களை மாற்றித் தர வேண்டும். இரண்டையும் செய்ய இயலாதென்றால் வண்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் தாருங்கள். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவேன்.

பற்களின் எண்கள் தெரியும் ஒளிப்படங்களையும் ஆய்வறிக்கையின் நகலையும் இணைத்துள்ளேன். வடித்த எண்ணெயை எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
வண்டியின் உரிமையாளர்