பாதி மருத்துவமனைகள் போதாது

ஆசிரியருக்கு,

டெக்சாஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இராக்கில் போரிட்டவர். கவச உடையும் முதுகுப் பையுமாக மாதக்கணக்கில் நடந்ததில் அவர் இடுப்பு போய்விட்டது. தினமும் காலையில் காரிலிருந்து இறங்க, முதலில் இரண்டு கால்களையும் வெளியே வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு எழுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும்.

கைரோபிராக்டிக் சிகிச்சைதான் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி தருகிறது. முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் முறை அது. பணியில் இருந்த 750 படையினரிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. வழக்கமான மருத்துவத்தோடு இதையும் பெற்றவர்களுக்கு ஆறு வாரத்தில் இடுப்பு வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. எல்லா முதுகு நோய்க்கும் இது மருந்தல்ல, சரி. ஆனால் ஓபியாய்டு எனும் கடுமையான வலிநிவாரணி மாத்திரைகளுக்கு அடிமையாகிப்போன எத்தனையோ முன்னாள் வீரர்களை நினைத்தால், மாத்திரை இல்லாத ஒரு வழியை ஏன் எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும்?

2018-ஆம் ஆண்டுச் சட்டம், அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் துறையின் ஒவ்வொரு மண்டலத்திலும் குறைந்தது பாதி மருத்துவமனைகளில் 2021 முடிவதற்குள் இந்தச் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்றது. மீதிப் பாதியை நம்பியிருப்பவர்கள் என்ன செய்வார்கள்? எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போய்வரவே ஐந்து மணி நேரம் ஆகிறது. அவ்வளவு நேரம் உட்கார்ந்து வந்தால் அப்புறம் வலி குறைந்து என்ன பயன்?

எல்லா மருத்துவமனைக்கும் இதை விரிவாக்கும்படி சட்டத்தை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். இங்கே வாக்குரிமை உள்ள தமிழர்கள் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதமாவது எழுதுங்கள்.

ஒரு வாசகர், டெக்சாஸ்