காணாமல் போன 3 வோல்ட்: ஒரு நன்றி மடல்

திருமங்கலத்திலிருந்தும் மேலூரிலிருந்தும் மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்தும் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கான மின்னோட்டவியல், மின்னணுவியல் கணக்குப் பயிற்சி நல்லபடியாக முடிந்தது. நோட்டில் சரியாக வந்த விடை மேசையில் அளந்தால் ஏன் மாறுகிறது என்பதைத்தான் இந்தமுறை முழுக்கப் பார்த்தோம். அதற்கு வேண்டிய சாமானும் நேரமும் நீங்கள் தந்தவை. யார் தந்தது எந்தக் கணக்குக்கு உதவியது என்று பெயர் போடாமல், விவரத்தை விடாமல் எழுதுகிறோம்.

முதல் நன்றி மைக்செட் அண்ணனுக்கு. பழைய சீரியல் செட் ஒன்றைத் தந்ததோடு, அரைநாள் உட்கார்ந்து பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதிலும் சொன்னார். சுமார் 40 மினி பல்பு தொடராக, 230 வோல்ட்டில் எரிவது. ஒரு பல்புக்கு 5.75 வோல்ட் என்பதை எல்லாரும் உடனே சொல்லிவிட்டார்கள். 'ஒரு பல்பைக் கழற்றினால் அந்த ஹோல்டரில் எத்தனை வோல்ட்?' என்று கேட்டதும் பெரும்பாலோர் எழுதியது பூஜ்யம். மின்னோட்டம் பூஜ்யம், ஆகவே ஓம் விதிப்படி மின்னழுத்தமும் பூஜ்யம் என்பது அவர்கள் கணக்கு. மீதி 39 பல்புக்கும் அது சரி. கழன்ற இடத்தில் மின்தடை முடிவிலி. அங்கே பூஜ்யத்தால் பெருக்கி விடை காண முடியாது. கிர்ச்சாஃப் விதிப்படி சுற்று முழுக்க விழும் மின்னழுத்தங்களைக் கூட்டினால் 230 வந்தாக வேண்டும். மற்ற எல்லாம் பூஜ்யம் என்றால் அந்த 230-ம் காலி ஹோல்டரில்தான் நிற்கிறது. 'அதனாலதான் தம்பி, பிளக்கைப் பிடுங்காம நாங்க ஹோல்டர்ல கை வைக்கிறதில்ல' என்று அண்ணன் சொன்ன பிறகு அந்தக் கணக்கை யாரும் தப்பாகப் போடவில்லை. 230 வோல்ட்டில் இதை யாரும் அளந்து பார்க்க வேண்டாம். 9 வோல்ட் பேட்டரியில் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் நான்கைத் தொடராகப் போட்டு, ஒன்றை உருவிவிட்டு அந்த இடைவெளியில் மீட்டரை வைத்தால் போதும். எங்களுக்கு 8.94 வந்தது. அந்த 0.06 எங்கே போனது என்பது அடுத்த ஆளின் கணக்கு.

அந்த அடுத்த ஆள் மேலூர் டிவி மெக்கானிக் ஐயா. 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக 9 வோல்ட்டில் போட்டால் ஆளுக்கு 4.5 வர வேண்டும். பிள்ளைகள் கையிலிருந்த மஞ்சள் மீட்டர் மேல் ரெசிஸ்டரில் 3 காட்டியது. கீழ் ரெசிஸ்டரிலும் 3. கூட்டினால் 6. மிச்சம் 3 வோல்ட் எங்கே? ஒரு மாணவி பேட்டரியை மாற்றிப் பார்த்தாள், ரெசிஸ்டரை மாற்றிப் பார்த்தாள், எண் மாறவில்லை. ஐயா தன் 10 மெகா ஓம் மீட்டரைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தார்: 4.29. மஞ்சள் மீட்டரின் உள் மின்தடை 1 மெகா ஓம்தான். அதை ரெசிஸ்டருக்கு இணையாக வைத்ததும் அங்கே மின்தடை அரை மெகா ஓமாகிறது. 9 வோல்ட் 1-க்கு 0.5 என்று பிரிந்து 6-ம் 3-ம் ஆகிறது. மீட்டர் எந்தப் பக்கம் வைக்கப்படுகிறதோ அந்தப் பக்கம் 3, எதிர்ப்பக்கம் 6. எதுவும் காணாமல் போகவில்லை. இரண்டு அளவையும் ஒரே நேரத்தில் எடுத்ததாக நினைத்ததுதான் பிழை. முன்னே அந்த 0.06 குறைந்ததும் மீட்டரின் இதே உள் மின்தடையால்தான். அதே மீட்டரில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் போட்டால் 4.48 வருகிறது, பிழை கண்ணுக்கே தெரியாது. அளக்கும் சுற்றின் மின்தடையைப்போல நூறு மடங்காவது மீட்டருக்கு இருக்க வேண்டும் என்று இப்போது எல்லார் நோட்டிலும் எழுதியிருக்கிறது.

மீட்டர்களின் ஃபியூஸை மாற்றித் தந்ததும் அவர்தான். மில்லி ஆம்பியரில் வைத்தபடியே பேட்டரியின் இரு முனையையும் தொட்டால் அது நேர் ஷார்ட், ஃபியூஸ் போய்விடும். அதற்குப் பிறகு வோல்ட் சரியாகக் காட்டும், மின்னோட்டம் மட்டும் எப்போதும் பூஜ்யம். அப்போது பிள்ளைகள் சுற்றில்தான் தப்பு என்று ஒரு மணி நேரம் தேடுகிறார்கள். மின்னோட்ட அளவு பூஜ்யமாக வந்தால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி வைக்கவே கூடாது. 10 ஆம்பியர் துளைக்குப் பல மலிவு மீட்டர்களில் ஃபியூஸே கிடையாது. சிவப்பு ஒயரை அதில் மறந்து விடுவது இன்னும் ஆபத்து.

டவுன்ஹால் ரோட்டுக் கடைக்காரர் பாக்கெட்டாக வாங்கச் சொல்லாமல் எண்ணி எண்ணிக் கொடுத்தார். 'கால் வாட் வேணாம், அரை வாட் எடுத்துக்கங்க' என்று அவர் நிறுத்திச் சொன்னது பேட்டரியின் அக மின்தடைக் கணக்கை, அதாவது பேட்டரிக்கு உள்ளேயே இருக்கும் தடையைக் காணும் கணக்கை, காப்பாற்றியது. சும்மா இருக்கும்போது 9.2 வோல்ட், 220 ஓம் இணைத்ததும் 8.8. மின்னோட்டம் 40 மில்லி ஆம்பியர், உள்ளே இழந்தது 0.4 வோல்ட், ஆகவே அக மின்தடை 10 ஓம். ரெசிஸ்டரில் போகும் திறன் 0.35 வாட், கால் வாட் ரெசிஸ்டருக்கு அது தாங்கும் அளவைவிட அதிகம். இதில் வழக்கமான தப்பு 9.2-ஐ 220-ஆல் வகுப்பது. ரெசிஸ்டரின் குறுக்கே இருப்பது 8.8 மட்டுமே. அளவை இரண்டு, மூன்று விநாடிக்குள் எடுத்துவிட வேண்டும், நேரம் போகப் போக மின்னழுத்தம் இறங்கும். கடையில் குப்பைக்குப் போகவிருந்த பேட்டரி ஒன்றையும் தந்தார். அது சும்மா 8.4 காட்டி, 220 ஓமில் 5.5-க்கு விழுந்தது. அதன் அக மின்தடை 116 ஓம்! 'வோல்ட் இருக்கிறதே, ஏன் எரியவில்லை?' என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விடை கிடையாது.

பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா சனிக்கிழமைதோறும் வந்து சொற்களை இணைத்துக் கொடுத்தார். புத்தகத்தில் மின்தேக்கி, கடையில் கண்டென்சர். அதன்மேல் 104 என்றிருந்தால் 10-க்குப் பின் நான்கு பூஜ்யம் போட்ட பிக்கோ ஃபாரட், அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட். பிசி 547 டிரான்சிஸ்டரின் தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என் 3904 டிரான்சிஸ்டரில் இதே வரிசை தலைகீழ். மாற்றிப் போட்டால் சுற்று முழுசாகச் செத்துப்போகாது, பெருக்கம் மட்டும் படுமோசமாகும். அதனால்தான் கண்டுபிடிக்கச் சிரமம்.

ஆய்வகத்தை விடுமுறை நாளில் திறந்துவைத்த உதவியாளருக்கும் நன்றி. மின்னழுத்தமானியில் (நீளக் கம்பியில் விழும் மின்னழுத்தத்தோடு ஒரு மின்கலத்தை ஒப்பிட்டு அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) கால்வனோமீட்டர் முள் எங்கே தொட்டாலும் ஒரே பக்கம் விலகினால் இரண்டைத்தான் பார்க்க வேண்டும்: இரு மின்கலங்களின் நேர்முனைகளும் கம்பியின் ஒரே முனையில் சேர்ந்திருக்கின்றனவா, கம்பி முழுக்க விழும் மின்னழுத்தம் அளக்கும் கலத்தைவிட அதிகமா. அவர் இதைச் சுண்ணக்கட்டியால் பலகை ஓரத்தில் எழுதியது இன்னும் அழியவில்லை.

மைக்செட் அண்ணனுக்கு: சீரியல் செட்டில் போயிருந்த 2 பல்பை அதே வோல்ட்டில் மாற்றிவிட்டோம். பிளக் பக்கம் உரிந்திருந்த ஒயரை வெட்டிப் புதிதாக முறுக்கி டேப் சுற்றியிருக்கிறது. சித்திரைத் திருவிழா வேலை தொடங்குமுன் கடையில் கொண்டுவந்து தருகிறோம். மேலூர் ஐயாவின் மீட்டரும் அதே நாளில் வந்துசேரும்.

அன்புடன்,
பயிற்சி ஆசிரியர்கள்,
திருமங்கலம்